காத்திருக்கும் திரை

கணினி விளையாட்டுக்காக மானிட்டர் வாங்கப் புகும் மாணவர்கள் இக்காலத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அடாப்டிவ் சிங்க் உள்ள திரையே வேண்டுமா? அதற்காகக் கூடுதலாகப் பணம் கொடுப்பது தகுமா?" என்பதே அது. கணக்கும் பௌதிகமும் கற்பித்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியன் ஒருவன் இதைப் பற்றிப் பேச வருவானேன் என்று நேயர்கள் எண்ணக்கூடும். இக்கேள்வியில் விளையாட்டு கொஞ்சம். கணக்கும் பௌதிகமும் மிகுதி. மேலும், விற்பவர் சொல்லை மட்டும் நம்பி வாங்குகிறவன் பொருளை வாங்குவதில்லை, பெயரை வாங்குகிறான். எனவே இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பொருள் யாதென்று முதலில் காண்போம்.

அடாப்டிவ் சிங்க் என்பதைத் தமிழில் தகவமை ஒத்திசைவு எனலாம். எதனோடு எது ஒத்திசைகிறது? வரைகின்ற கருவியோடு காட்டுகின்ற திரை ஒத்திசைகிறது. இவ்விரண்டும் ஏன் பிணங்கின என்று தெரிந்தாலன்றி இணக்கத்தின் அருமை விளங்காது. அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1905-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவி ஒன்றை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று கூடாரமடித்துப் படம் காட்டினார். அந்தக் காலத்துக் கருவிகள் பெரும்பாலும் கையால் சுழற்றப்பட்டவை. படமெடுப்பவரும் கையால் சுழற்றினார். காட்டுபவரும் கையால் சுழற்றினார். ஓட்டமும் சண்டையும் வந்தால் கை விரையும். சோகக் காட்சியில் கை தாழும். வினாடிக்கு இத்தனை படம் என்ற கண்டிப்பு இல்லை. காட்சிக்குத் தக்கபடி வேகம் மாறிக்கொண்டது. பேசும் படம் வந்ததும் இந்த உரிமை பறிபோயிற்று. வேகம் மாறினால் பாட்டு கீச்சிடும், அல்லது இழுபடும் அன்றோ? ஆகவே வினாடிக்கு 24 படம் என்ற நிலையான வேகம் உலகெங்கும் நிலைபெற்றது. தமிழில் 1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்ததிலிருந்து நம்மவரும் அந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர்களே.

இங்கே ஒரு நுட்பத்தை மனத்திற் கொள்ளுங்கள். 24 படம் என்றாலும், ஒவ்வொரு படத்தின்மீதும் ஒளி ஒருமுறை மட்டும் விழுவதில்லை. சுழலும் தகடு ஒன்று ஒளியை மறித்து மறித்து விடுவதால், ஒரே படம் இருமுறையோ மும்முறையோ திரையில் மின்னும். அங்ஙனம் செய்யாவிடில் கண்ணுக்கு மினுக்கம் தெரியும். ஆதலின் படம் மாறும் வேகம் வேறு; திரை புதுப்பிக்கப்படும் வேகம் வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதனால்தான் கடைவீதியில் பாதிப் பணம் வீணாகிறது. முன்னதை மாணவர்கள் ஃபிரேம் என்ற சொல்லால் குறிப்பர். பின்னதை ஹெர்ட்ஸ் என்ற அளவால் குறிப்பர்.

தொலைக்காட்சி வந்தபோது கடிகாரம் இன்னும் இறுகிற்று. பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டியில் எலெக்ட்ரான் கற்றை ஒன்று, மேலிருந்து கீழாக, வரிவரியாக ஓடிப் படத்தை எழுதும். எழுதிய வரி உடனே மங்கத் தொடங்கும். எனவே கற்றை ஓயாது திரும்பத் திரும்ப ஓட வேண்டும். 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொடங்கிய நம் தொலைக்காட்சி, 625 வரிகளும், வினாடிக்கு 25 முழுப் படங்களும், ஒவ்வொன்றும் இரு பாதிகளாக 50 முறை எழுதப்படுவதுமான முறையை மேற்கொண்டது. ஐம்பது ஏன்? நம் வீட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று. இரண்டும் ஒத்திருந்தால் மின்சாரத்தால் படத்தில் விழும் நிழல் நகராமல் நின்று கண்ணை உறுத்தாது. (பிரெஞ்சுக்காரர் 1940-களின் இறுதியிலேயே 819 வரிகள் கொண்ட முறையைத் தம் நாட்டில் ஏற்றிருந்தனர். 1954 நவம்பர் 1-இல் அவர்கள் புதுச்சேரி ஆட்சியை ஒப்படைத்தபோது இந்தியாவிலேயே தொலைக்காட்சி இல்லை. ஆகவே அந்த 819-ஐப் பார்க்கும் பேறு நமக்கு வாய்க்கவில்லை.)

பின்னர்த் தட்டைத் திரைகள் வந்தன. இவற்றில் கற்றை இல்லை. ஒவ்வொரு புள்ளியும், மறுகட்டளை வரும்வரை தன் நிறத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். கடிகாரத்துக்கு அஞ்சி ஓட வேண்டிய கட்டாயம் இவற்றுக்கு அவ்வளவாக இல்லை. ஆயினும் பழைய வழக்கம் எளிதில் போகுமா? வினாடிக்கு 60 முறை என்ற நியதியைத் தட்டைத் திரையும் மரபுரிமையாகப் பெற்றுக்கொண்டது.

திரைப்படத்துக்கு இதனால் பெருங்கேடு ஒன்றுமில்லை. அதன் படங்கள் முன்னரே எடுத்து வைக்கப்பட்டவை. விளையாட்டின் நிலை வேறு. அங்கே படம் அப்போதைக்கப்போது வரையப்படுகிறது. நீங்கள் சுட்டியை நகர்த்திய பின்னரே, கணினியிலுள்ள கிராபிக்ஸ் கார்டு அந்தக் கோணத்திலிருந்து உலகம் எப்படித் தோன்றும் என்று கணக்கிட்டு வரைகிறது. எதிரே வெறுஞ்சுவர் இருந்தால் 8 மில்லி வினாடியில் வரைந்துவிடும். புகையும் நெருப்பும் நூறு மனிதரும் உள்ள சந்தை எதிர்ப்பட்டால் 25 மில்லி வினாடி ஆகலாம். திரையோ 16.7 மில்லி வினாடிக்கு ஒருமுறை, படம் ஆயிற்றா இல்லையா என்று பாராமல், எழுதிக்கொண்டே இருக்கும். பிணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

இதனை எங்கள் ஊர்க் காட்சியைக் கொண்டே விளக்குகிறேன். கடலூர்ச் சாலையில் நோணாங்குப்பத்தைக் கடப்பவர்கள் சுண்ணாம்பாற்றையும் அதன் கரையிலுள்ள படகுக் குழாமையும் கண்டிருப்பீர்கள். விடுமுறை நாள்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து, அங்கிருந்து படகேறி முகத்துவாரத்துப் பாரடைஸ் கடற்கரைக்குச் செல்வர். ஒரு குடும்பம் என்பது ஒரு படம். படகு என்பது திரை என்று வைத்துக்கொள்வோம். படகு மணியடித்தவுடன் புறப்பட்டே தீரும் என்றும் வைத்துக்கொள்வோம். (உண்மையான படகோட்டிகள் இவ்வளவு கடுமையானவர்கள் அல்லர்.)

முதல் முறை இது: மணியடித்ததும் பலகையில் யார் இருந்தாலும் அவர்களோடு படகு புறப்படும். முன்வரிசையில் ஒரு குடும்பத்தின் பாதிப்பேரும், பின்வரிசையில் அடுத்த குடும்பத்தின் பாதிப்பேரும் அமர்ந்திருப்பர். திரையில் இதுவே கிழிசல். மேற்பாதியில் பழைய படமும் கீழ்ப்பாதியில் புதிய படமும் அமைந்து, நேரான தூண் ஒன்று நடுவில் வெட்டி நகர்த்தி வைத்தது போல் தோன்றும்.

இரண்டாவது முறை வி-சிங்க் எனப்படுவது. "குடும்பம் முழுமையாக வந்தாலன்றி ஏற்றமாட்டேன்; மணி தவறினால் அடுத்த மணிக்குத்தான்" என்கிறான் படகோட்டி. கிழிசல் நீங்கிற்று. ஆனால் மணியடித்து ஒரு கணம் கழித்து வந்த குடும்பம் ஒரு முழுச் சுற்றுக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படமும் 18 மில்லி வினாடியில் ஆயத்தமாகிறது என்போம். அஃதாவது வினாடிக்கு 55 படம் வரைய வல்ல கருவி. 60 ஹெர்ட்ஸ் திரையில் 16.7-ஆம் மில்லி வினாடியின் மணியை அது 1.3 மில்லி வினாடியில் தவறவிடுகிறது, ஆகவே 33.3 வரை காத்திருக்கிறது. இவ்வாறே ஒவ்வொரு முறையும் நேர்ந்தால், வரைந்ததை வைக்க வேறிடமும் இல்லையானால், 55 படம் தர வல்ல கருவி 30 படமே தரும். ஒன்றரை மில்லி வினாடிகூட ஆகாத தாமதத்துக்கு ஏறத்தாழப் பாதி விளைச்சல் அபராதம்! அன்றியும், சில படங்கள் மணிக்குள் வந்து சில தவறும்போது அசைவு திக்கித் திக்கிச் செல்லும். சுட்டியை நகர்த்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையே சுணக்கமும் ஏற்படும்.

மூன்றாவது முறையே அடாப்டிவ் சிங்க். மணியை எடுத்துவிட்டார்கள். குடும்பம் வந்து அமர்ந்ததும் படகு புறப்படும். 18 மில்லி வினாடியில் வந்தால் 18-இல். 22-இல் வந்தால் 22-இல். இது எங்ஙனம் இயலும்? ஒரு படத்தின் கடைசி வரிக்கும் அடுத்த படத்தின் முதல் வரிக்கும் இடையே ஒரு சிறு ஓய்வு உண்டு. எலெக்ட்ரான் கற்றை கீழிருந்து மேலே திரும்பிச் செல்வதற்காக ஏற்பட்ட இடைவெளி அது. கற்றை மறைந்த பின்னும் இடைவெளி மறையவில்லை. அந்த ஓய்வை, புதுப் படம் ஆயத்தமாகும் வரை நீட்டிக்கொள்வதே இம்முறையின் சூட்சுமம். சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்துக் கைப்பிடி மீண்டும் வந்துவிட்டது. சுழற்றும் கை மட்டும் கிராபிக்ஸ் கார்டின் கை.

ஆயினும் படகுக்கு இரு வரம்புகள் உண்டு. அக்கரை சென்று திரும்பும் நேரத்துக்கு முன்னதாக அது மீண்டும் புறப்பட இயலாது. இது மேல்வரம்பு. குடும்பம் மிகவும் தாமதித்தால் வெறுமனே நின்றுகொண்டிருக்கவும் இயலாது. ஏனெனில் தட்டைத் திரையின் புள்ளிகளும் நெடுநேரம் நிறத்தை மாறாமல் பிடித்து வைத்திருக்க மாட்டா. இது கீழ்வரம்பு. 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை என்பது போல மானிட்டரின் குறிப்பில் எழுதியிருப்பது இவ்விரு வரம்புகளையே. கடைக்காரர் சொல்லாமல் விடுவதும், நீங்கள் கேட்டே ஆக வேண்டியதும் இந்த எண்களே.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விலைக்கு அது காரணம். 2013 அக்டோபரில் என்விடியா நிறுவனம் ஜி-சிங்க் என்ற பெயரில் இம்முறையை அறிவித்தது. மானிட்டருக்குள்ளே தனியொரு மின்பலகை பொருத்த வேண்டியிருந்ததால் விலை ஏறிற்று. ஆனால் மடிக்கணினித் திரைகளுக்கான தரத்தில், மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் நோக்கத்துடன், இதற்கான அடிப்படை 2009 முதலே இருந்தது. அதனை எடுத்து, 2014 மே மாதத்தில், வெசா என்னும் தர நிர்ணய அமைப்பு டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் அடாப்டிவ் சிங்க் என்று சேர்த்தது. யாரும் கையாளலாம் என்ற பொதுத் தரம் அது. அதன்மேல் ஏ.எம்.டி. நிறுவனம் கட்டியதே ஃப்ரீசிங்க். அதன் மானிட்டர்கள் 2015-இல் விற்பனைக்கு வந்தன. 2017 நவம்பரில் வெளியான ஹெச்.டி.எம்.ஐ. 2.1 தரமும் இதையொத்த ஏற்பாட்டைத் தந்தது. 2019 சனவரியில் என்விடியாவே, தனிப்பலகை இல்லாத பொதுத் தர மானிட்டர்களையும் தன் கார்டுகள் ஏற்கும் என்று வழிவிட்டது. அன்றோடு பெரும் வழக்கு தீர்ந்தது என்பது என் கருத்து. இன்று விளையாட்டுக்கென விற்கும் மானிட்டர்களில் பெரும்பாலானவற்றில் அடாப்டிவ் சிங்க் ஏதோ ஒரு வடிவில் உள்ளது. ஆகவே "இதற்குப் பணம் கொடுக்கலாமா?" என்ற கேள்வி, "இதன் எந்த வடிவத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?" என்று மாறிவிட்டது.

எங்கள் தெருவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவன் ஒருவன் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தான். அவன் தாய் தையல் வேலை செய்பவர். சீட்டு எடுத்த பணத்தில் மகனுக்குத் திரை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த பருவத்தின் தேர்வுக் கட்டணமும் அதே பணத்திலிருந்துதான் போக வேண்டும். மூன்று மானிட்டர்களின் விலையைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். ஒன்று 75 ஹெர்ட்ஸ். ஒன்று 144 ஹெர்ட்ஸ், பொதுத் தரத்து அடாப்டிவ் சிங்க். மூன்றாவது தனிப்பலகை பொருத்திய ஜி-சிங்க். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் தேர்வுக் கட்டணம் அடங்கிவிடும்.

"எது நல்லது ஐயா?" என்றான்.

"உன் கருவி எத்தனை படம் வரைகிறது தம்பி?" என்று கேட்டேன். சராசரி 60 என்றான். சராசரியைக் கொண்டு பயன் இல்லை என்றேன். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 என்றால், தொண்ணூறும் முப்பதும் உள்ளே இருக்கலாம். ஆசிரியனுக்குக் கவலை முப்பதைப் பற்றியதே. படங்களின் எண்ணிக்கையைத் திரையின் மூலையில் காட்டும் வசதி உண்டன்றோ? அதை வைத்துக்கொண்டு மிக நெருக்கடியான காட்சிகளில் எண் எவ்வளவு தாழ்கிறது என்று ஒரு வாரம் குறித்துவரச் சொன்னேன். அவன் விரும்பி ஆடுவன கதை விளையாட்டுகள். எண் 45-க்கும் 70-க்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருந்தது. இதுவே அடாப்டிவ் சிங்க் மிக நன்றாகப் பயன்படும் நிலம்.

அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன் ஆடுவது சுடும் போட்டி விளையாட்டு. அதில் அவன் கருவி 200-க்கு மேல் படம் வரைந்தது. திரையோ 144 ஹெர்ட்ஸ். இவனுக்கு அடாப்டிவ் சிங்க் ஏறக்குறையப் பயனற்றது. படகின் மேல்வரம்பைத் தாண்டிக் குடும்பங்கள் வந்து குவிகின்றன, காத்திருப்பதற்கு ஒன்றுமில்லை. கிழிசல் நேர்ந்தாலும் ஒவ்வொன்றும் 7 மில்லி வினாடியே நிற்பதால் கண்ணுக்குப் பெரிதாகப் படுவதில்லை. போட்டியில் ஆடுவோர் மிகக் குறைந்த சுணக்கத்தையே நாடுவர். அவர்களுள் பலர் ஒத்திசைவை அணைத்துவிட்டே ஆடுகின்றனர். (இந்தப் போட்டிகளை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளும் பெற்றோருக்கு ஒரு செய்தி: 2023-இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் மின்விளையாட்டுகள் பதக்கத்துக்குரியவையாக இருந்தன. அதற்கு முன்பே, 2022 டிசம்பரில், இந்திய அரசு அவற்றை விளையாட்டுத் துறை அமைச்சகத்தின்கீழ்க் கொணர்ந்தது.)

தோழனின் மானிட்டரை இரண்டு நாள் இரவல் வாங்கி ஒரு சோதனை செய்தோம். மாணவனை வெளித் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, அவன் தங்கை அடாப்டிவ் சிங்க்கை இயக்குவாள் அல்லது அணைப்பாள். எதைச் செய்தாள் என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானித்துத் தன் ஏட்டில் எழுதிக்கொள்வாள். பின் அவன் உள்ளே வந்து இரண்டு நிமிடம் ஆடி, இயங்குகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். தன் கதை விளையாட்டில் அவன் பெரும்பாலும் சரியாகவே சொன்னான். திரையைப் பார்த்துச் சில வினாடிகளிலேயே சொன்னதும் உண்டு. தோழன் வந்து சுடும் விளையாட்டில் சொன்னவை பூவா தலையா போட்டதற்கு மேல் தேறவில்லை. நான் இதில் திரையைப் பார்த்ததைவிட அந்தப் பெண்ணின் ஏட்டைப் பார்த்ததே அதிகம். அவள் கட்டம் போட்டு எழுதியிருந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். இருபது முறை செய்யுங்கள். வெறும் ஊகத்தால் இருபதில் பதினைந்தோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கு நூற்றில் இரண்டு அளவே வாய்ப்பு உண்டு. எனவே பதினைந்துக்கு மேல் வந்தால் உங்கள் கண் உண்மையில் எதையோ காண்கிறது எனக் கொள்ளலாம். பத்தோ பதினொன்றோ வந்தால், உங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு விலை கொடுக்க வேண்டுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாணவன் இரண்டாவது மானிட்டரை வாங்கினான். 75 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் அடாப்டிவ் சிங்க் என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததே, அது இன்னும் மலிவாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் வரம்புகளின் கணக்கு வருகிறது. அதன் வரம்பு 48 முதல் 75. அவன் படங்கள் 48-க்குக் கீழே தாழும்போது என்ன ஆகும்? 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஓர் உபாயம் உண்டு. படம் ஆயத்தமாக 30 மில்லி வினாடி ஆனால், திரை பழைய படத்தையே 15 மில்லி வினாடிக்கு ஒருமுறையாக இருமுறை காட்டும். 15 மில்லி வினாடி என்பது ஏறத்தாழ 67 ஹெர்ட்ஸ், வரம்புக்குள் அடங்கிவிட்டது. பழைய சினிமாக் கருவியின் சுழல் தகடு செய்த வேலையே இது. ஆனால் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இது ஒழுங்காக நடவாது. வினாடிக்கு 45 படம் வரும்போது இருமடங்காக்கினால் 90 ஆகும், மேல்வரம்போ 75. ஒன்றாகவும் காட்ட முடியாது, இரண்டாகவும் காட்ட முடியாது. மேல்வரம்பு கீழ்வரம்பின் இருமடங்குக்குச் சற்று மேலாவது இருந்தாலன்றி இந்த உபாயம் பலிக்காது. எங்கே படங்கள் குறைந்து ஒத்திசைவு மிகத் தேவைப்படுகிறதோ, அந்த மலிவுத் திரையிலேயே அது கைவிட்டுவிடுகிறது. பெட்டியின்மேல் உள்ள பெயரை மட்டும் படிப்பவருக்கு இது தெரிய வழியில்லை.

144 ஹெர்ட்ஸுக்கு இன்னொரு நற்பயனும் உண்டு. அடாப்டிவ் சிங்க்கை அணைத்துவிட்டாலும் அதில் அபராதம் குறைவு. மணி 6.9 மில்லி வினாடிக்கு ஒருமுறை அடிப்பதால், 18 மில்லி வினாடியில் வந்த படம் 20.8 வரையே காத்திருக்கும்; 33.3 வரை அன்று. மேலும் 144 என்பது 24-இன் ஆறு மடங்கு. எனவே திரைப்படம் பார்க்கும்போது ஒவ்வொரு படமும் சரியாக ஆறுமுறை காட்டப்பட்டு அசைவு சீராக இருக்கும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் இருமுறையும் அடுத்தது மும்முறையுமாக நொண்டிக்கொண்டே போகும்.

இனி இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். அடாப்டிவ் சிங்க் ஒரு படத்தைக்கூடக் கூடுதலாக வரையாது. வினாடிக்கு 25 படம் வரையும் கருவியோடு எந்தத் திரையை இணைத்தாலும் 25 படமே. அந்த நிலையில் இருப்பவர் திரைக்குச் செலவிடாமல் கிராபிக்ஸ் கார்டுக்கோ நினைவகத்துக்கோ செலவிடுவதே அறிவுடைமை. அடுத்து, சில திரைகளில், அதிலும் வி.ஏ., ஓ.எல்.இ.டி. வகைகளில், புதுப்பிக்கும் வேகம் விரைந்து மாறும்போது இருண்ட காட்சிகள் இலேசாக மினுக்கும். எளிதில் தலைவலி வருபவர்கள் கடையிலேயே இருண்ட காட்சி ஒன்றை ஓடவிட்டுப் பார்த்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும். அசைவின் மங்கலைப் போக்க, பின்னொளியை விட்டுவிட்டு மின்னச் செய்யும் வசதி சில மானிட்டர்களில் உண்டு. பெரும்பாலான மாதிரிகளில் அதையும் இதையும் ஒருங்கே பயன்படுத்த இயலாது. நிரல் எழுதவும் பாடம் படிக்கவும் மட்டுமே திரை வேண்டுவோர்க்கு அடாப்டிவ் சிங்க்கால் ஆவது ஒன்றுமில்லை. எழுத்து தெளிவாகத் தெரியும் திரையும், உயரத்தை மாற்றக்கூடிய தாங்கியும் அவர்களுக்கு மேலானவை.

ஒன்றை மட்டும் ஆதரவாகச் சொல்வேன். மானிட்டர் பல ஆண்டுகள் நிலைக்கும் பொருள். கிராபிக்ஸ் கார்டு இன்று 100 படம் வரைந்தாலும், மூன்றாண்டு கழித்து வரும் விளையாட்டில் 50-க்குத் தாழும். அன்றைக்கு அடாப்டிவ் சிங்க் அந்தப் பழைய கார்டுக்கு ஊன்றுகோலாகும். விலையில் பெரிய வேறுபாடு இல்லாதபோது, பரந்த வரம்புள்ள பொதுத் தர மானிட்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே எனக்கு வலிய காரணமாகப் படுகிறது. தனிப்பலகைக்கு மிகுந்த விலை கொடுப்பதற்கு மாணவர்களுக்குக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வாங்குமுன் உங்கள் கருவி இதை ஏற்குமா என்று பாருங்கள். என்விடியா கார்டானால் ஜி.டி.எக்ஸ். 10 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் பொதுத் தர மானிட்டர்களை ஏற்கும். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள், 2022 ஏப்ரலில் அதற்கு இவ்வசதி வந்தது என்பதையும், ஹெச்.டி.எம்.ஐ. 2.1 உள்ள திரையில் மட்டுமே, 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரம்பில் அது இயங்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மடிக்கணினியோடு வெளித்திரையை இணைப்பவர்கள் எந்தத் துளை எதனை ஏற்கும் என்று கையேட்டைப் பார்ப்பது நலம். கணினியில் இயன்றவரை டிஸ்ப்ளேபோர்ட் கம்பியையே பயன்படுத்துங்கள். சில மானிட்டர்களில் ஹெச்.டி.எம்.ஐ. வழியாக ஏ.எம்.டி. கார்டுக்கு இவ்வசதி கிடைக்கும். என்விடியா கார்டுக்குக் கிடைக்காது.

இணைத்த பின், விண்டோஸின் திரை அமைப்பில் ஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி, அமைப்பில் 60 என்றிருப்பதைக் கவனியாமல் மாதக்கணக்கில் ஆடுவோர் உண்டு. விளையாட்டில் படங்களின் எண்ணிக்கைக்கு மேல்வரம்பைவிடச் சற்றுக் குறைவாக, 144-க்கு 140 என்பது போல, ஓர் எல்லை வைத்துக்கொண்டால் படகு எப்போதும் காத்திருக்கும் நிலையிலேயே இருக்கும். கடைசியாக மானிட்டரின் பொத்தான்கள். பல மானிட்டர்களில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இவ்வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கீழ்விளிம்பிலோ பின்புறத்திலோ உள்ள பொத்தானை அழுத்தி, பட்டியலில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க் என்ற வரியைத் தேடி இயக்கிக்கொள்ளுங்கள்.